இரண்டு மில்லி

வெளிக்கதவைப் பூட்டிவிட்டு ராக்கியப்பன் சாப்பிடப் போய்விட்டார். உள்கதவு எப்போதுமே பூட்டித்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் பெனிட்டா. பறவைக் கூண்டுக்கு இரண்டு கதவு வைப்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். ஒன்று திறந்திருக்கும்போது இன்னொன்று மூடியிருக்க வேண்டும், உள்ளே இருப்பது தப்பித்தவறி ஒன்றைத் தாண்டினாலும் அடுத்ததில் நின்றுவிடும், அதெல்லாம் விலங்கியல் படித்தவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தோட்டத்தில் மட்டும்தான் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆளையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். வந்த முதல் மாதமே கேட்டாள். உள்கதவு பூட்டியிருக்கும்போது வெளிக்கதவின் தாழ்ப்பாளை எந்தக் கிளி வந்து திறக்கப் போகிறது, எனக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வேன், தீப்பிடித்தால் என்ன செய்வேன் என்று அடுக்கிக்கொண்டே போனாள். ராக்கியப்பன் முழுசாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் தெரியாதுங்க அம்மிணி, பூட்டச் சொன்னாங்க, பூட்டறேன், என்றார். தூத்துக்குடிக்காரி என்பதால் அவள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அதற்கு மட்டும் அவருக்குச் சிரிப்பு வரும். எங்கூர்ப்பக்கம் அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரருங்க, நான் என்ன உங்களுக்கு அரைக் கிலோ பருப்பா கட்டித் தரப் போறேன், என்பார். இன்றைக்கு அந்தச் சிரிப்பு இல்லை. சாவியைத் திருப்பும்போது வலது கட்டைவிரலில் கட்டு போட்டிருந்ததைப் பார்த்தாள். என்னாச்சு என்று கேட்டதற்குக் கதவு நசுக்கிருச்சுங்க என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே போனார். ஒரு மணி நேரம். அவர் உண்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுத் திரும்பி வருகிற வரைக்கும் அவள் இங்கேதான். கைபேசி வாசல் அறையில் ஒரு தகர டப்பாவுக்குள் கிடக்கிறது, யாரும் படம் எடுக்கக் கூடாதாம். மடியில் அட்டை, அட்டையில் அவளுடைய விலங்கியல் துறையின் முத்திரை போட்ட படிவம், படிவத்தில் மூன்று கட்டங்கள். பறவை இருக்கிறதா. காலில் மூடிய வளையம் இருக்கிறதா. வளையத்தின் எண் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா. மூன்றிலும் டிக் போட்டால் கீழே ஏற்கெனவே அச்சடித்த வாக்கியம் காத்திருக்கிறது: மேற்படி பறவை கூண்டில் பொரித்தது எனக் கொள்ளத் தடையில்லை. அதற்கும் கீழே அவள் கையெழுத்து.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இரண்டு செந்நெற்றி மக்காவ் கிளிகள். பெட்டை உச்சிக் கட்டையில். ஆண் வழக்கமாக அதன் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டித்தான் இருக்கும், இன்று கீழே, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், இடது காலில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. வலது கால் வயிற்று இறகுக்குள். கிளி ஒற்றைக்காலில் நிற்பது அதிசயமில்லை. தூங்கும், ஓய்வெடுக்கும், அப்போதெல்லாம் ஒரு காலை மடக்கிக்கொள்ளும். ஆனால் தூங்குகிற கிளி கண்ணை மூடும். இது அவளையே பார்க்கிறது. உள்ளே வந்த ஐந்தாவது நிமிடத்தில் கால் மாற்றப் பார்த்தது, வலது காலை இறக்கியது, ஊன்றியது, உடனே சுருக்கிக்கொண்டது, அந்த ஒரு நொடியில் அவள் பார்த்துவிட்டாள். வளையம் பளபளவென்று இருக்கிறது. போன மாதம் பார்த்தது பழுப்பேறிப் போய் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது, காலில் லொடலொடவென்று ஆடியது. இது ஆடவில்லை. வளையத்துக்குக் கீழே பாதம் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. கிளிக்கு இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால், பின்னால் இருப்பதில் சின்னது எப்போதும் கட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும், அந்தச் சின்ன விரல் பக்கவாட்டில் தொங்குகிறது. அவளுக்கு எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. எழுந்தாள். மூன்றடி. திரும்ப உட்கார்ந்தாள். பின்னால் பூட்டு திறக்கிற சத்தம், டக், கொக்கி விலகும் கிரீச், அதற்குள் வந்துவிட்டாரா என்று திரும்பினால் கதவு அப்படியே இருக்கிறது. உச்சிக் கட்டையிலிருந்து பெட்டை மறுபடியும் டக் என்றது. இங்கே வந்த பிறகு அது கற்றுக்கொண்ட ஒரே சத்தம் அதுதான். வாங்க என்று சொல்லாது, அக்கா என்று சொல்லாது, அதற்கு எவ்வளவோ மிளகாய்ப்பழம் கொடுத்துப் பார்த்தார்கள். பூட்டு திறக்கும் சத்தத்தை மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும். அவளுடைய ஆய்வேட்டில் அதற்கு ஒரு அட்டவணையே இருக்கிறது.

ஆய்வேடு. அதை நினைத்தால் அருமைநாயகம் சாரின் குரல் வருகிறது. நெறியாளர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுவார். நாம நீதிபதி இல்லம்மா, மூணு டிக், அவ்வளவுதான் நம்ம வேலை, அந்தத் தோட்டத்து மனுஷன் நமக்குக் கூண்டைத் திறந்து விட்டதாலதான் உனக்கு இந்தியாவில யாருக்கும் கிடைக்காத ஒரு தலைப்பு கிடைச்சிருக்கு. அது உண்மை. உண்மையாக இருப்பதுதான் எரிச்சல். பொலிவியாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் சில நூறுதான் மிச்சமிருக்கிற ஒரு பறவையின் குரலைப் பற்றி ஆய்வு செய்ய, பல்லடத்துக்குத் தெற்கே தரணிதரன் என்கிற நூற்பாலைக்காரரின் தோட்டத்துக்கு மூன்று பஸ் மாறி வர வேண்டியிருக்கிறது. எப்படி வந்தன இவை என்று முதல் வாரமே சாரிடம் கேட்டாள். காகிதம் இருக்கும்மா என்றார். காகிதம் இருப்பதும் உண்மையாக இருப்பதும் ஒன்றா சார் என்றாள். அன்றைக்கு அவர் சிரித்தார். நல்லாப் பேசற, வைவாவுக்கு மிச்சம் வை, என்றார். அப்படிப் பாராட்டியதில் அவளுக்கும் கொஞ்சம் குளிர்ந்துதான் போனது, அதை இப்போது ஒப்புக்கொண்டால் என்ன. ஹாஸ்டலில் வார்டனோடு தண்ணீருக்கு, பஸ்ஸில் கண்டக்டரோடு சில்லறைக்கு, கருத்தரங்கில் வெளியூர்ப் பேராசிரியரோடு ஒரு வரைபடத்துக்கு, எங்கே போனாலும் ஒரு வாக்குவாதம், எதிலும் அவள் தோற்றதில்லை. அம்மா மட்டும் போனில் சொல்வாள், ஏட்டி, சரியாத்தான் பேசுத, ஆனா பேசி முடிச்ச பொறவு அந்த எடத்துல என்ன நடக்குன்னு ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கியா. அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். அம்மா எதற்கு வந்தாள் நடுவில். நிழல் ஒன்று கூரைவலைமேல் ஓடியது. பருந்து. கீழே நின்ற ஆண் கிளி ஒற்றைக்காலோடு தொட்டியிலிருந்து விழுந்து சுவரோரம் போய் அப்படியே ஒட்டிக்கொண்டது, சத்தமே இல்லாமல். அதுதான், அதையேதான் ஏழு மாதமாகக் குறித்துவைத்திருக்கிறாள். கூண்டில் பொரித்து, கையால் ஊட்டி வளர்த்த குஞ்சுக்குப் பருந்து நிழல் என்ன தெரியும். பாறை விளிம்பில் பொந்துக்குள் பிறந்து, அம்மா கத்தியதும் உள்ளே சுருண்டு பழகியதற்குத்தான் தெரியும். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் இது ஒரு குரல் கொடுக்கும், அவள் வைத்துவிட்டுப் போகும் ஒலிப்பதிவுக் கருவியில் விழுந்திருக்கும், இரண்டு ஏற்றம், ஒரு இழுப்பு, அந்தப் பள்ளத்தாக்கில் ஒலிப்பதிவு செய்த கூட்டத்தின் குரலோடு கோடு கோடாகப் பொருந்துகிறது. பெட்டை அதற்குப் பதில் சொல்லாது. அதற்கு அந்த மொழி தெரியாது, அது கூண்டில் பிறந்தது, பூட்டுதான் தெரியும். ஆண் மட்டும் கூப்பிட்டுவிட்டு, கொஞ்சம் காத்திருந்து, மறுபடி கூப்பிடும்.

அப்படியானால் இதை நீ எப்போது சொல்வதாக இருந்தாய்? ஆய்வேடு முடிந்த பிறகு. கையெழுத்து வாங்கிய பிறகு. பட்டம் கையில் வந்த பிறகு பெரிதாக ஒரு கட்டுரை எழுதி எல்லாவற்றையும் கிழித்துப் போடுவதாக இருந்தாள். மாதாமாதம் மூன்று டிக் போட்டபடி. இல்லை, போன மாதம் போடவில்லையே. போன மாதம்தான் வளையத்தை எதிர்த்தாளே. அதை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் மூச்சு வந்தது, பிறகு அந்த மூச்சு அப்படியே பாதியில் நின்றது, ஏனென்றால் அந்த வழியாகப் போனால் போன மாதத்துக்குள்தான் போய் விழ வேண்டும். வேறு எதையாவது நினை. பக்கத்து வயலில் கடலைக்கொடி பிடுங்குகிறார்கள், பெண்கள் பேச்சு காற்றில் விட்டு விட்டு வருகிறது, பச்சைக் கடலையும் ஈர மண்ணும் சேர்ந்த வாசனை. அந்தப் பள்ளத்தாக்கிலும் கடலைதான் போடுகிறார்களாம். முள்ளும் கள்ளியுமான காடு, நடுவில் கடலைக் காடு, இந்தக் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கித் தோண்டித் தின்னும், விவசாயி விரட்டுவான், சிலசமயம் பிடித்து விற்பான். பல்லடமும் அப்படித்தானே இருக்கிறது, மழை மறைவு, கள்ளி, கடலை, தூரத்தில் சுற்றாமல் நிற்கும் காற்றாலை மட்டும்தான் கூடுதல். இதற்கு இந்த வாசனை வரும்போது என்ன தோன்றும்? வீடு பக்கத்தில் என்று தோன்றுமோ? சீ, இது கட்டுரைக்கான வரி, இப்போது வேண்டாம். கால். காலைப் பார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? நகம் கறுக்கத் தொடங்கவில்லை. கறுத்தால் ரத்தம் போகவில்லை என்று அர்த்தம், அதற்கப்புறம் விரல் போகும், பாதம் போகும், கொம்பைப் பிடிக்கிற கால், கடலையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிற கால். வளையத்தை வெட்டிவிட்டால் வீக்கம் இறங்கிவிடும், இன்றைக்கே வெட்டினால். வெட்டினால் காலில் வளையம் இல்லை, வளையம் இல்லாவிட்டால் எண் இல்லை, எண் இல்லாவிட்டால் பதிவு இல்லை, தரணிதரன் விடவே மாட்டார், சார் போனை எடுக்கவே மாட்டார், அவளுடைய நான்காவது ஆண்டு இந்த ஸ்டூலிலேயே முடிந்துபோகும். எழுதாமல் விட்டால்? கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு, தலைவலி என்று சொல்லி, இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்து, அடுத்த மாதம் வேறு யாராவது. அடுத்த மாதம் இந்தக் கால் இருக்காது. வனத்துறையில் புகார் கொடுத்தால் வருவார்கள், வாரம் கழித்தோ மாதம் கழித்தோ, தூக்கிக்கொண்டு போய் வேறு ஊரில் வேறு கூண்டில் வைப்பார்கள், அங்கேயும் இரண்டு கதவு இருக்கும். டக். திரும்பினாள். பெட்டை. சனியனே, என்றாள் சத்தமாக, உடனே மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

சரி. போன மாதம். வராந்தாவில் பிரம்பு நாற்காலி, மாம்பழ ஜூஸ், தரணிதரன் வெள்ளைச் சட்டையில் கைமடித்து உட்கார்ந்திருந்தார். மரியாதையான ஆள், அவளைவிடப் பதினைந்து வயது பெரியவர், மேடம் என்றுதான் கூப்பிடுவார். மூன்று கட்டத்தில் இரண்டாவதில் அவள் டிக் போடாததைப் பார்த்துவிட்டு, ஏனுங் மேடம், வளையம் இருக்குதே, முட்டையில இருந்து நானே பொரிச்சதுங்க, என்றார். நானே பொரித்தது. அந்த நானே தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஜூஸைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள். குழந்தைக்குப் போட்ட காப்பு வளர்ந்த கையைவிட்டுக் கழலுமா சார்? கழலாது. குஞ்சு பிறந்து மூன்று வாரத்துக்குள், கால் பிஞ்சாக இருக்கும்போது, விரல்களைச் சேர்த்துப் பிடித்து நுழைப்பது இந்த வளையம். அப்புறம் மூட்டு பருத்துவிடும், வளையம் உள்ளேயே நின்றுவிடும், அதனால்தான் அது சாட்சி. உங்கள் கிளிக்குப் போட்டிருப்பது நான் இழுத்தால் என் கையோடு வந்துவிடும் போலிருக்கிறது. வளர்ந்தபிறகு மாட்டியது என்று கண் தெரியாதவர்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். எவ்வளவு அழகாகச் சொன்னாள். பேனா மூடியை எடுத்துத் தன் விரலில் மாட்டிக் காட்டினாள், மூட்டு வரை வந்தது, தாண்டவில்லை, பார்த்தீர்களா என்றாள். அவர் கோபப்படவே இல்லை. அதில்தான் அவள் ஏமாந்தாள். கோபப்பட்டிருந்தால் நிறுத்தியிருப்பாள், அல்லது இன்னும் கத்தியிருப்பாள், அந்தக் கேள்வி வந்திருக்காது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, இதெல்லாம் யாருங் எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க, என்று ஒரு பெருமூச்சு விட்டு, அப்புறம், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல, அப்ப உள்ளபடிக்கு எத்தனை மில்லி இருக்கோணுங்க மேடம், என்றார். அவள் சொன்னாள். இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும் சார். ரெண்டே மில்லி. யோசிக்கக்கூட இல்லை, வைவாவில் கேள்வி வந்தால் பதில் சொல்வதுபோல் வாய் முந்திக்கொண்டது. ஹாஸ்டலுக்குப் போய் நான்கு பேரைக் கூட்டி வைத்து இதை நடித்தே காட்டினாள், அந்த ஆள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே என்று. சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில் யாரோ ஒரு பட்டறையில் அலுமினியக் குழாயை அளந்து அறுத்து, பழைய எண்ணையே அதில் பொறித்து, பிறகு யாரோ பிடித்து, யாரோ அழுத்தி. ராக்கியப்பனின் கட்டைவிரல். கதவு நசுக்கவில்லை. எந்தக் கதவும் யாரையும் நசுக்கவில்லை. ஏழு மாதமாகத் தப்பு எங்கே என்று தேடித் தேடி அவர் மேல், இவர் மேல், சாரின் மூக்குக்கண்ணாடி மேல் என்று விரலை நீட்டிக்கொண்டு வந்தாளே, இப்போது விரலை நீட்ட இந்த மூன்றடிக்குள் வேறு ஆளே இல்லை. நான் உண்மையைத்தானே சொன்னேன் என்று தனக்குத்தானே எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். வாதம் நன்றாகத்தான் இருந்தது. எதிரே ஒற்றைக்காலில் நிற்பதிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

டக். அவள் திரும்பவில்லை. கிரீச். வெளிச்சம் முதுகில் விழுந்தபோதுதான் நிஜம் என்று தெரிந்தது. ராக்கியப்பன் வாசலில் நின்றார், வெற்றிலை போட்டிருக்கவில்லை. முடிஞ்சுதுங்களா அம்மிணி, என்றார். அவள் மடியில் இருந்த அட்டையைப் பார்த்தாள், கட்டங்கள் மூன்றும் காலி. கால்ல எப்பம் போட்டாங்க அண்ணாச்சி, என்று கேட்டாள், குரல் சண்டைக்குரலாக வராதது அவளுக்கே புதிதாக இருந்தது. அவர் கட்டுப்போட்ட விரலைத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஒம்பது நாளாச்சு. ரெண்டு பேர் வந்தார்கள், தேங்காயெண்ணெய் தடவினார்கள், பிடித்துக்கொண்டது நான்தான், என் கையைக் கடித்த பிறகும் நான் விடவில்லை, ராத்திரி பகல் இல்லாமல் அந்தப் பெட்டை கத்தியது.

"வேண்டாம்னு சொல்லலாம்னுதானுங் வாயெடுத்தேன்," என்றார். "அம்மிணி சொன்ன அளவுன்னு சொன்னாங்க. நீங்க படிச்ச புள்ள, கிளி மேல உசுரா இருக்கறவீங்க. நீங்க சொன்னா அது நோகாத அளவாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டனுங்க."

அவள் பேனாவை எடுத்தாள். கட்டங்களை விட்டுவிட்டு, அச்சடித்த வாக்கியத்தைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, அதற்குக் கீழே எழுதினாள். வலது காலில் உள்ள வளையம் ஒன்பது நாளுக்கு முன் வளர்ந்த பறவைக்குப் பலவந்தமாகப் போடப்பட்டது. பின்விரல் மூட்டு நழுவியிருக்கிறது. இப்பறவை காட்டில் பிடிக்கப்பட்டது என்பதற்குக் குரல் பதிவுகள் என்னிடம் உள்ளன. ஏழு மாதமாகத் தெரிந்தும் நான் சொல்லவில்லை. வளையத்தின் சரியான அளவை உரிமையாளருக்குச் சொன்னது நான். காலைக் காப்பாற்ற வேண்டி அந்த வளையத்தை இன்று வெட்டி எடுத்ததும் நான். இனிமேல்தான் வெட்ட வேண்டும். தேதி போட்டு, பெயரை முழுசாக எழுதினாள். எழுதி முடித்ததும் வழக்கம்போல ஒரு வரி மறுத்து எழுதத் தோன்றும் என்று காத்திருந்தாள், தோன்றவில்லை. ராக்கியப்பன் எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றுவிட்டு, என்ற பேரு இதுல வருதுங்களா, என்றார். அவர் குடியிருப்பதே இந்தத் தோட்டத்து வீட்டில்தான். வரலை அண்ணாச்சி, என் பேருதான் இருக்கு, வலை வெட்டற கட்டிங் பிளேயர் இருக்குல்ல, அதை மட்டும் கொண்டுவந்து வச்சுட்டு, சாவியக் குடுத்துட்டு நீங்க போயிருங்க. அவர் சாவியோடு இறங்கிப் போனார். போகிற அவசரத்தில் வெளிக்கதவைத் திறந்தே போட்டுவிட்டார்.

ஏழு மாதத்தில் முதல்முறையாக அது திறந்து கிடக்கிறது. கடலைக்காடு தெரிந்தது, அதைத் தாண்டி வாசல் அறை, தகர டப்பா, மண்ரோடு, ரோட்டின் முனையில் பஸ் நிற்கிற வேப்பமரம். மணி இரண்டேகால் இருக்கும். படிவத்தைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், சார் கேட்டால் தலைவலி. அவள் கால் வாசற்படி வரை தன்னால் போனது. வெயில் விரல்களில் பட்டது. உச்சிக் கட்டையில் பெட்டை டக் என்றது, பிறகு கிரீச் என்றது, முழுசாக, ஒரு தடவை. அவள் கையை நீட்டி வெளிக்கதவை உள்பக்கமாக இழுத்துச் சாத்தினாள். ஸ்டூலில் உட்காராமல் நின்றாள். ராக்கியப்பன் வந்து கதவைத் தட்டியபோது அவர் கையில் கட்டிங் பிளேயரோடு ஒரு பழைய துண்டும் இருந்தது. நீங்க தனியாப் புடிச்சா விரலு போயிருமுங்க, எனக்கு அதோட கடி பழக்கம், என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தவர் நேராக உள்கதவுக்குச் சாவியை எடுத்தார்.

"மொதல்ல அதைப் பூட்டுங்க அண்ணாச்சி," என்றாள்.

அவர் திரும்பி வெளிக்கதவைப் பூட்டினார். துண்டை அவரிடம் விரித்துக் கொடுத்துவிட்டு பெனிட்டா பிளேயரை வாங்கிக்கொண்டாள். உள்கதவு திறந்தது. சுவரோரம் நின்றது தலையைத் தாழ்த்தி, அலகைத் திறந்து, அவளைப் பார்த்து ஒரு முறை கத்தியது. அவள் வாயைத் திறக்கவில்லை. குனிந்து, மெதுவாக, அதன் உயரத்துக்குத் தன்னை இறக்கிக்கொண்டாள்.